தொட்டித் தண்ணீரில் உண்மையில் எவ்வளவு இருந்தது? சூழல் நச்சியல் ஆய்வுகளின் தரம் பற்றி ஒரு விரிவான பதில்

ஒரு முனைவர் பட்ட மாணவி கேட்டிருக்கிறார்: "சூழல் நச்சியலில் இத்தனை கட்டுரைகள் வெளியாகின்றன. ஆனால் ஒரு பூச்சிக்கொல்லிக்குத் தண்ணீரில் எவ்வளவு வரம்பு வைக்கலாம் என்று முடிவெடுக்க உட்காரும்போது அவற்றில் பலவற்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். ஏன் அப்படி? அடுத்த மாதம் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து மீனில் வேலை தொடங்குகிறேன். என் கட்டுரையும் அந்த ஓரத்துக்குப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?"

நல்ல கேள்வி. வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டது இன்னும் நல்லது. முடித்துவிட்டு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இருப்பதில்லை. மீனைத் தொட்டியில் விடும் அன்றைக்கே இந்தத் துறையில் ஒரு கட்டுரையின் தலையெழுத்து பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது, பிறகு ஆங்கிலத்தைத் திருத்தி, படத்தை அழகாக்கி, பெரிய ஆய்விதழாகப் பார்த்து அனுப்பினாலும் அதை மாற்ற முடியாது.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டித் தண்ணீரில் நஞ்சு எவ்வளவு இருந்தது என்று அளந்து பாருங்கள், கணக்குப் போட்டு எழுதாதீர்கள். செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மூலத் தரவைப் பொதுவில் வையுங்கள். நான் கீழே நீட்டி எழுதப்போவது எல்லாம் இந்த மூன்றிலிருந்து கிளைப்பதுதான், அதிலும் முதலாவது எனக்கு மிக முக்கியம்.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடைய அதே மருந்துதான். உரக்கடையில் வாங்கிய குளோர்பைரிபாஸ் 20 இ.சி. பாட்டில், சந்தையில் வாங்கிய நீல நிற பிளாஸ்டிக் டப்புகள், ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழ் விடும் ஓர் ஏர்ஸ்டோன். பாட்டிலைத் திறந்தால் மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்த மாதிரி ஒரு நெடி வரும், பிப்பெட்டில் எடுத்துத் தண்ணீரில் விட்டால் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகச் சுருண்டு பரவும். லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவிட்டு, தினமும் ஒரு முறை தண்ணீரை மாற்றிக்கொண்டு, 96 மணி நேரம் செத்த மீன்களை எண்ணினோம். வேறு வேலையாக வந்திருந்த ஒரு வேதியியல் ஆசிரியர், மாற்றுவதற்கு முன்னால் டப்பில் இருக்கும் தண்ணீரில் ஒரு குப்பி கொடுங்கள், கருவியில் ஓட்டி அளந்து பார்க்கிறேன் என்றார். வந்த எண் நாங்கள் நோட்டில் எழுதியதில் பாதிகூட இல்லை.

எங்கே போனது? குளோர்பைரிபாஸுக்குத் தண்ணீரே ஆகாது, கொழுப்பைத்தான் தேடும். டப்பின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஏர்ஸ்டோன் குமிழோடு காற்றில் ஏறும், மீனின் உடம்பில் சேரும், மிச்சமான தீவனத்திலும் கழிவிலும் உட்காரும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். குறைந்த அளவு நஞ்சிலேயே மீன்கள் செத்திருக்கின்றன, நாங்களோ அதிக அளவு தேவைப்பட்டது என்று அச்சில் ஏற்ற இருந்தோம். அதாவது அந்த மருந்தை உள்ளதைவிட இரண்டு மடங்கு பாதுகாப்பானதாகக் காட்டியிருப்போம். அந்த எண்ணை நம்பி யாராவது ஓர் ஏரிக்கு வரம்பு வைத்திருந்தால்? அன்றைக்கு வந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

மீனுக்கும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்குமான சோதனைகளுக்கு ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டிகள் இதற்குத் தெளிவான வழி சொல்கின்றன: சோதனைக் காலம் முழுவதும் செறிவு, போட்ட அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்று காட்டினால் போட்ட அளவையே வைத்துக் கணக்கிடலாம், விலகினால் அளந்த அளவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எது நடந்தாலும் அளந்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஆனாலும் போட்ட அளவை மட்டும் சொல்லிவிட்டு நகரும் கட்டுரைகள் என்னிடம் மதிப்பாய்வுக்கு இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.

அளப்பதிலேயே எவ்வளவு கவனம் தேவை என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகள். மழைக்குப் பிறகு, முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் ஓடைகளில் கூட்டமாகச் செத்தன, பல ஆண்டுகளாகக் காரணம் தெரியவில்லை. 2020 டிசம்பரில் சயன்ஸ் இதழில் விடை வந்தது: கார் டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது, மழைநீர் சாலையைக் கழுவிக்கொண்டு ஓடையில் சேர்க்கிறது, அதுதான் மீனைக் கொல்கிறது. பாதி மீன்களைக் கொல்லும் செறிவு, அதாவது எல்.சி.50, லிட்டருக்குச் சுமார் 0.8 மைக்ரோகிராம் என்று போட்டார்கள். அப்போது இந்தப் பொருள் கடையில் விற்பனைக்குக் கிடையாது, தாங்களே தயாரித்த பொருளை வைத்துத்தான் கருவிக்கு அளவுகோல் அமைத்தார்கள். பிறகு தூய பொருள் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கி மறுபடி அளந்து, 2022இல் தங்கள் எண்ணைத் தாங்களே திருத்தினார்கள்: 0.095 மைக்ரோகிராம். எட்டு மடங்கு வித்தியாசம். தலைப்புச் செய்தியாக வந்த தங்கள் முடிவை இரண்டே ஆண்டில் பொதுவெளியில் திருத்திக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும், எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியதுதான் மிச்சம். முதல் கட்டுரையில் எப்படி அளந்தோம் என்று விவரமாக எழுதி வைத்திருந்ததால்தான் அந்தத் திருத்தத்தை மற்றவர்களும் புரிந்துகொள்ள முடிந்தது.

சரி, அளந்தாகிவிட்டது. அடுத்து, எதை அளந்தீர்கள்? உரக்கடைப் பாட்டிலுக்கு வருவோம். 20 இ.சி. என்றால் நூற்றில் இருபது பங்குதான் குளோர்பைரிபாஸ், மீதி கரைப்பானும் குழம்பாக்கியும். லிட்டருக்கு இத்தனை மைக்ரோலிட்டர் என்று ஒரு கட்டுரை சொன்னால், அது பாட்டில் மருந்தின் அளவா, உள்ளே இருக்கும் குளோர்பைரிபாஸின் அளவா? எழுதவில்லை என்றால் படிப்பவருக்கு ஐந்து மடங்கு குழப்பம். அதோடு, அந்த மீதிப் பங்கு ஒன்றும் அறியாத பாவமில்லை. கிளைபோசேட் களைக்கொல்லியில் சேர்க்கும் பி.ஓ.இ.ஏ. என்ற பரப்பு இழுவிசைக் குறைப்பி, நீர்வாழ் உயிர்களுக்குக் கிளைபோசேட்டைவிட அதிக நஞ்சு என்பது தெரிந்த விஷயம். பாட்டில் மருந்தை வைத்துச் சோதிப்பது தப்பில்லை, வயலிலிருந்து ஓடையில் இறங்குவது அதுதானே. ஆனால் அப்படியென்றால் கட்டுரைத் தலைப்பிலும் அதைச் சொல்லுங்கள், தொகுதி எண்ணையும் எழுதுங்கள். தூய மருந்தை வைத்துச் செய்தால் அதைக் கரைக்க அசிட்டோன் மாதிரி ஏதாவது வேண்டியிருக்கும். லிட்டருக்கு 0.1 மில்லிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதே அளவு அசிட்டோன் மட்டும் போட்ட ஒரு கண்ட்ரோலும் (மருந்து போடாமல் ஒப்பிடுவதற்காக வைக்கும் தொட்டி), ஒன்றுமே போடாத ஒரு கண்ட்ரோலும் தனித்தனியாக வையுங்கள்.

தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செம்பு எவ்வளவு நஞ்சு என்பது தண்ணீரின் கடினத்தன்மை, பி.எச்., கரைந்த கரிமப்பொருள் மூன்றையும் பொறுத்துத் தலைகீழாக மாறும். சிறுவாணித் தண்ணீரில் செய்த செம்புச் சோதனையையும், உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. 'குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர்' என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் வெப்பநிலை, பி.எச்., கடினத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா என்று ஒவ்வொரு நாளும் அளந்து அட்டவணையாகக் கொடுங்கள். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், காலையில் அரை மணி நேரம் போதும்.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பண்ணையிலிருந்தோ வியாபாரியிடமிருந்தோ வாங்குகிறோம். அந்தப் பண்ணைக்கு அடுத்த வயலில் போன வாரம் என்ன அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? குளோர்பைரிபாஸ் செய்யும் முதல் வேலையே நரம்பிலுள்ள அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியை முடக்குவது. ஏற்கெனவே பாதி முடங்கிய மீனை வாங்கி வந்து கண்ட்ரோலில் விட்டால் உங்கள் ஒப்பீடே கோணலாகிவிடும். வாங்கிய அன்று நாலைந்து மீனில் அந்த நொதியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓ.இ.சி.டி. 203 மீன் சோதனை வழிகாட்டியில் ஒரு கறாரான விதி உண்டு: பழக்கும் ஏழு நாளில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தத் தொகுதி மீன்களையே ஒதுக்கிவிட வேண்டும், 5க்கும் 10க்கும் நடுவில் என்றால் இன்னும் ஏழு நாள் பழக்க வேண்டும். காசு போகும், மனசும் கஷ்டப்படும், இருந்தாலும் ஒதுக்கத்தான் வேண்டும். சோதனையின்போது கண்ட்ரோலில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

அடுத்தது புள்ளியியல். இங்கேதான் நல்ல மாணவர்கள்கூட வழுக்கி விழுகிறார்கள். ஒரு செறிவுக்கு ஒரு தொட்டி, அதில் பத்து மீன், எனவே மாதிரி எண்ணிக்கை பத்து என்று எழுதுகிறார்கள். இல்லை, அது ஒன்றுதான். நஞ்சு போட்டது தொட்டிக்கு, தனித்தனி மீனுக்கு இல்லை. அந்தத் தொட்டியின் ஏர்ஸ்டோன் இரவில் நின்றுபோனால், ஜன்னல் வெயில் அதில் மட்டும் விழுந்தால், ஒரு மீனுக்குப் பூஞ்சை வந்தால், பத்து மீனும் சேர்ந்துதான் பாதிக்கப்படும், அது நஞ்சின் வேலை மாதிரியே தெரியும். இதற்குப் போலிப் பிரதி என்று பெயர் வைக்கலாம். ஹர்ல்பெர்ட் என்ற சூழலியலாளர் 1984லேயே 176 ஆய்வுகளை எடுத்து அலசி, புள்ளியியல் சோதனை பயன்படுத்தியவற்றில் 48 சதவீதம் இந்தத் தவறைச் செய்திருந்ததைக் காட்டினார். நாற்பது ஆண்டு கழித்தும் நான் மதிப்பாய்வில் எழுதும் முதல் வரி பல நேரம் இதுவாகத்தான் இருக்கிறது: எத்தனை தொட்டிகள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். பெரிய தொட்டியில் நிறைய மீன் என்பதற்குப் பதிலாகச் சிறிய தொட்டிகள் நிறைய என்று போங்கள், எந்தத் தொட்டிக்கு எந்தச் செறிவு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வரிசையாக அலமாரியில் இடமிருந்து வலமாக ஏறுமுகமாக வைப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அறையின் ஒரு மூலை சூடாக இருந்தால் தொலைந்தீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, நான் மிகவும் கவலைப்படுவது: 'விளைவு காணப்படாத செறிவு' என்று ஒரு எண்ணைத் தரும் பழக்கம். கண்ட்ரோலோடு ஒப்பிட்டுப் புள்ளியியல்படி வித்தியாசம் தெரியாத மிக உயர்ந்த செறிவு அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், செறிவுக்கு மூன்றே தொட்டி வைத்து, தண்ணீரையும் தீவனத்தையும் சரியாகக் கவனிக்காமல், எண்கள் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும்படி ஒருவர் சோதனை செய்தால், வளர்ச்சி கால்வாசி குறைந்திருந்தால்கூட அந்த வித்தியாசம் சிதறலுக்குள் மறைந்துபோகும், 'விளைவு இல்லை' என்று அறிக்கை வரும். அதே சோதனையை இன்னொருவர் பன்னிரண்டு தொட்டி வைத்துக் கவனமாகச் செய்தால் மிகக் குறைந்த செறிவிலேயே விளைவைப் பிடித்துவிடுவார். அதாவது, சோதனை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மருந்து பாதுகாப்பானதாகத் தெரிகிறது! அலட்சியத்துக்குப் பரிசு கொடுக்கும் முறை இது. 1996இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓ.இ.சி.டி. நடத்திய பயிலரங்கு இதைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. இன்னும் கைவிடவில்லை. நீங்கள் ஐந்து அல்லது ஆறு செறிவு வைத்து, வளைகோடு பொருத்தி, 10 அல்லது 20 சதவீத விளைவு எந்தச் செறிவில் வருகிறது என்பதை அதன் நம்பக இடைவெளியோடு, அதாவது உண்மையான எண் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்ற வீச்சோடு, கொடுங்கள். அந்த இடைவெளி அகலமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், அப்படியே போடுங்கள். படிப்பவருக்கு அதுவும் ஒரு தகவல்.

நடத்தையையோ திசுவையோ பார்க்கும் ஆய்வென்றால், எந்தத் தொட்டி எது என்று தெரியாமல் பார்க்க வேண்டும். செவுள் திசுவின் கண்ணாடிச் சில்லுகளுக்கு வேறொருவரைக் கொண்டு எண் ஒட்டச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். எது நஞ்சுபட்டது என்று தெரிந்துகொண்டு நுண்ணோக்கியில் கண் வைத்தால், சிதைந்த இடத்தைத்தான் கண் தேடும். அது யோக்கியத்தைப் பற்றிய விஷயமில்லை, மனிதக் கண்ணின் இயல்பு அப்படி. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, அரை நாள் வேலை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இப்போது மூலத் தரவு. 2016 ஜூனில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: பால்டிக் கடலின் பெர்ச் மீன்குஞ்சுகள் இயற்கை உணவைவிட நுண்பிளாஸ்டிக் துகள்களை விரும்பித் தின்கின்றன, வளர்ச்சி குன்றுகின்றன என்று. உலகம் முழுக்கச் செய்தி. கோட்லாந்து தீவிலுள்ள ஆய்வு நிலையத்தில் அதே சமயத்தில் இருந்த சிலருக்கு உறுத்தியது, கட்டுரை சொல்லும் அளவுக்கு அங்கே சோதனை நடந்ததாக அவர்கள் பார்க்கவில்லை. தரவைக் கேட்டார்கள். தரவு இருந்த மடிக்கணினி திருடு போய்விட்டது, வேறு பிரதி இல்லை என்று பதில். 2017 மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகம் அதை ஆய்வு முறைகேடு என்றே தீர்மானித்தது. கேள்வி கேட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கட்டுரையோடு சேர்த்துத் தரவையும் அன்றைக்கே ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்ற விதி கறாராகப் பின்பற்றப்பட்டிருந்தால், இவ்வளவு நீண்டிருக்காது.

தனியார் நிறுவன ஆய்வுகள் மட்டும் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். இன்று அவர்கள் பின்பற்றும் ஜி.எல்.பி. என்ற ஆய்வக நடைமுறை விதிகளே அமெரிக்காவில் ஐ.பி.டி. என்ற ஒப்பந்த ஆய்வகம் 1970களில் பொய்த் தரவு கொடுத்து மாட்டிக்கொண்டது போன்ற விவகாரங்களுக்குப் பிறகு வந்தவைதான். ஜி.எல்.பி. முத்திரை, சோதனை செய்ததாகச் சொன்னபடி செய்யப்பட்டது, பதிவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் தரும், ஆனால் தரவிலிருந்து எடுத்த முடிவு சரியா என்பதற்கு அல்ல. உங்கள் குளோர்பைரிபாஸே சாட்சி. மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறதா என்று உற்பத்தி நிறுவனத்துக்காக 1998இல் எலிகளில் ஜி.எல்.பி.படி ஓர் ஆய்வு நடந்தது, பாதிப்பு இல்லை என்றார்கள். சுமார் இருபது ஆண்டு கழித்து, சுயேச்சையான மூன்று ஆய்வாளர்கள் அந்த மூலத் தரவை வாங்கி மறுபடி அலசி, மிகக் குறைந்த அளவு கொடுத்த எலிக்குட்டிகளிலும் சிறுமூளையின் உயரம் குறைந்திருந்ததை 2018இல் வெளியிட்டார்கள். 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மருந்துக்கு அனுமதி இல்லை. யார் செய்த ஆய்வாக இருந்தாலும் தரவு திறந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சரி, ஓரமாக வைப்பது யார், எதை வைத்து? 1997இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தைச் சேர்ந்த கிளிமிஷும் உடன் பணியாற்றியவர்களும் ஆய்வுகளை நான்கு தட்டாகப் பிரித்தார்கள்: தடையின்றி நம்பலாம், சில தடைகளோடு நம்பலாம், நம்ப முடியாது, விவரம் போதாததால் சொல்ல முடியாது. அந்த நாலாவது தட்டைக் கவனியுங்கள். நம் கட்டுரைகள் பெரும்பாலும் போய் விழுவது அதில்தான். வேலை மோசம் என்று யாரும் சொல்லவில்லை, எப்படிச் செய்தீர்கள் என்று எழுதவில்லை, எனவே எடுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு மாணவரின் மூன்று வருட உழைப்பு இரண்டு வரி விடுபட்டதால் வீணாகிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. கிளிமிஷ் முறை ஜி.எல்.பி. ஆய்வுகளுக்குச் சாதகமாகச் சாய்கிறது என்ற குறை நியாயமானது. அதைச் சரிசெய்ய 2016இல் கிரெட் என்ற அளவுகோல் வந்தது. நம்பகத்துக்கு 20 கேள்வி, பொருத்தத்துக்கு 13 கேள்வி, அதோடு கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்ற 50 பரிந்துரைகள். அச்செடுத்து உங்கள் தொட்டி அலமாரிப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதும்போது எடுத்துப் பார்த்தால் தாமதமாகிவிடும், திட்டமிடும்போதே பாருங்கள்.

ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாறு கழுகுகளின் கதை போதும். 1992க்கும் 2007க்கும் நடுவே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. கிருமியாக இருக்கும் என்று பலர் தேடிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தானில் வேலை செய்த குழு 2004இல் நேச்சர் இதழில் விடையை வைத்தது. சிறுநீரகம் செயலிழந்து உறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பாறுகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. அப்படிப் படியாமல் வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. அதோடு நிற்கவில்லை. மருந்தை நேரடியாகவும், மருந்து கொடுத்த கால்நடையின் இறைச்சி மூலமாகவும் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதே நோய் வந்தது. உடம்பில் அளந்தது, ஒப்பிட ஒரு கூட்டம் வைத்தது, காட்டில் நடக்கும் அதே வழியில் கொடுத்துச் சோதித்தது, மூன்றும் ஒரே கட்டுரையில். 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்ததும், 2015இல் 3 மில்லி குப்பிக்கு மேல் கூடாது என்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டபோது 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு சரியே என்றது. மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் வட்டமிடுகின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் உங்கள் கட்டுரை போனாலும் அது நிற்குமா என்று கேட்டுக்கொண்டு சோதனையைத் திட்டமிடுங்கள், இதைவிட நல்ல மதிப்பாய்வு இல்லை.

கைடுகளுக்கும் ஆய்விதழ்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது, அதை உங்கள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறையில் யு.ஜி.சி. நீக்கிவிட்டது. ஆனால் பல இடங்களில் பழைய அவசரம் அப்படியே இருக்கிறது. ஒரு சோதனையை மூன்றாக நறுக்கி, ரத்தம் ஒரு கட்டுரை, கல்லீரல் ஒரு கட்டுரை, செவுள் ஒரு கட்டுரை என்று போடச் சொல்வார்கள். முடிந்தவரை மறுத்துப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் அதே மீனில் என்ன எப்படி நடந்தது என்று தெரியும், பிரித்தால் தெரியாது. விளைவு எதுவும் தெரியாத சோதனையையும் வெளியிடுங்கள், இந்தச் செறிவில் இந்த மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வரம்பு வைப்பவருக்கு மிக வேண்டிய தகவல். மதிப்பாய்வாளராக என் பங்குக்கு, செறிவு அளக்காத கட்டுரையை அது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறேன், ஏன் என்று அரைப்பக்கம் எழுதியே அனுப்புகிறேன்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லாத் தொட்டியையும் எல்லா நாளும் அளக்கத் தேவையில்லை. மிகக் குறைந்த செறிவு, நடுச்செறிவு, மிக உயர்ந்த செறிவு, கண்ட்ரோல், இந்த நான்கிலும் தண்ணீர் மாற்றியவுடனும் அடுத்த மாற்றத்துக்கு முன்பும் எடுங்கள். மற்றவற்றின் மாதிரிகளிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து உறைநிலையில் வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் விசித்திரமாக இருந்தால் பிறகு ஓட்டலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் எஸ்.ஏ.ஐ.எஃப். மாதிரியான பொதுக் கருவி மையங்களில் வெளி மாணவர்களும் கட்டணம் கட்டி அளக்கலாம். அதற்கும் பணம் போதவில்லை என்றால் உயிர்வேதியியல் குறியீடுகளில் நாலைந்தைக் குறையுங்கள். பத்து நொதிகளை அளந்துவிட்டு நஞ்சை அளக்காமல் விடுவதைவிட இரண்டு நொதியும் நஞ்சும் எவ்வளவோ மேல். மூலத் தரவை வைக்க ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியம் இலவசம், எக்செல் கோப்பில் ஒரு தொட்டிக்கு ஒரு வரி என்று போட்டால் போதும்.

அப்புறம், முதல் வாரம் மீனே வேண்டாம். வெறும் தொட்டி, அதே தண்ணீர், அதே ஏர்ஸ்டோன், அதே மருந்து. மருந்து போட்டதிலிருந்து 0, 6, 12, 24 மணி நேரத்தில் ஒவ்வொரு மாதிரி எடுங்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பிலும் ஒரு கண்ணாடித் தொட்டியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. மாதிரி எடுப்பது பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் இருக்கட்டும், மூடியின் உட்பக்கம் டெஃப்லான் இருக்க வேண்டும், அன்றைக்கே பிரித்தெடுக்க முடியாவிட்டால் ஐஸில் வைத்து மூடுங்கள். மீன் விட்டால் இன்னும் வேகமாகக் குறையும், ஆனால் தொட்டி மட்டும் எவ்வளவு விழுங்குகிறது என்பது இதில் தெரிந்துவிடும். அந்த எட்டு எண்கள் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.